ஒரே ஒரு பெயர் உள்ள பதிவேடு

நான் சொல்லப்போவதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. நானே ஆறு வருஷமாக நம்பவும் முடியாமல், தூக்கிப் போடவும் முடியாமல் வைத்திருக்கிற விஷயம். சில நாள் காலையில் எழுந்ததும் எல்லாம் நிஜம் என்று தோன்றும். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, இதில் ஒரு சொல்லாவது நிஜமா என்று தோன்றும். வெளியில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பஸ்ஸில் சொல்லலாம். நீங்கள் நாமக்கல்லில் இறங்கிவிடுவீர்கள், நான் சேலம் போய்விடுவேன்.

பாப்பா தூங்கட்டும். தலை கம்பியில் இடிக்கிறது பாருங்கள், உங்கள் துண்டை மடித்து வையுங்கள். ஆங், அப்படித்தான். என்ன வயசு, ஏழா?

என் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. தர்மபுரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து வந்தது. தயானந்தன் என்பவரை விளையாட்டுப் பயிற்சிக்கு எடுக்கிறார்களாம், பிள்ளைகளோடு விடுதியிலேயே தங்குகிற வேலை. அவர் முன்பு எங்கள் அடுக்குமாடியில் குடியிருந்தவர். நான் அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவரைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: குழந்தைகளோடு பழகும் வேலைக்கு இவர் தகுதியற்றவர் என்று நினைக்கக் காரணம் எதுவும் உண்டா? உண்டு, இல்லை. பக்கத்தில் இரண்டு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்றைக்குப் புதன்.

உண்டு என்று போட்டால் அந்த ஆளுக்கு அந்த வேலை மட்டுமில்லை, இனி எங்கேயும் இந்த மாதிரி வேலை கிடைக்காது. இல்லை என்று போட்டு, அது பொய்யாக இருந்தால் அங்கே இருநூறு பிள்ளைகள். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இது எப்படி என் கைக்கு வந்தது என்பதுதான்.

நான் பதிவுத் துறையில் இருந்தவன். பத்திரப்பதிவு அலுவலகம் பார்த்திருப்பீர்கள். முப்பது வருஷம். ஒரு நிலத்தில் நீங்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கலாம், உழலாம், வீடு கட்டலாம். எங்கள் புத்தகத்தில் ஏறாவிட்டால் அது உங்களுடையது இல்லை. முப்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு புத்தி வந்துவிடும் தம்பி. எழுதி வைத்தது மட்டும்தான் உலகத்தில் இருக்கிறது என்று தோன்றிவிடும்.

எங்கள் குடியிருப்பு ஏற்காடு போகிற சாலையில். இருபத்து நான்கு வீடு. கீழே கார் நிறுத்துகிற தளம், அதற்கு மேல் மூன்று மாடி. தயானந்தன் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். நாற்பது, நாற்பத்திரண்டு வயசிருக்கும். அமெரிக்காவில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கூட அம்மா, ஒரு பக்கம் கை கால் விழுந்தவர். பெண்டாட்டி அங்கேயே இருக்கிறாள் என்றார். ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன், செயலாளர் என்கிற முறையில். "அங்க ஒரு பிரச்சினை ஆயிருச்சு சார், வந்துட்டேன்" என்றார். என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முதல் தடவை கேட்காமல் விட்டது அது.

வந்த ஒரே மாதத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கிக்கொண்டு வந்து கார் தளத்து மூலையில் போட்டார். பிள்ளைகள் பூராவும் அங்கேதான். மாடியில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். டொக், டொக், டொக். அந்த மூலையில் பகலிலேயே குழல்விளக்குப் போட வேண்டும், அவ்வளவு இருட்டு.

அங்கே தூணில் ஒரு பலகை இருந்தது, "இங்கே பந்து விளையாடக்கூடாது" என்று. நான் எழுதி மாட்டியதுதான். பொதுக்கூட்டத்தில் இவர் எழுந்து, "சார், இருபத்து நாலு வீட்டுல முப்பது பிள்ளைங்க இருக்கு. அதுங்க எங்க விளையாடணும்னு ஒரு பலகை மாட்டியிருந்தா நான் அங்க போயிருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பரிமளம், என் பெண்டாட்டி, அவளும்தான் சிரித்தாள். பலகையைக் கழற்றிவிட்டார்கள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து வசுமதி போனில் பேசினாள். பரிமளத்தின் தங்கை, கொழுந்தியாள். அவளும் அமெரிக்காதான், ஓஹியோ. அவள் சொன்னது இது, கேட்டுக்கொள்ளுங்கள். "மாமா, அந்த ஆளு இங்க லிஸ்ட்டுல இருந்தவன். சின்னப் பொண்ணு விஷயம். தண்டனை ஆனது வேற ஸ்டேட்டுல. இங்க குடி வந்ததும் போலீசுல போய்ப் பதிஞ்சிருக்கான். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தபால் அட்டை வந்துச்சு, போட்டோவோட."

அந்த ஊர் ஏற்பாடு எனக்குப் புதுசு. அவள்தான் விளக்கினாள். ஒரு மாநிலத்தில் தண்டனை வாங்கியவன் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால் சும்மா இருந்துவிட முடியாதாம். சில நாட்களுக்குள் போய், நான் இன்ன ஊரில் இன்ன குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன், இப்போது இங்கே வந்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவர்கள் அங்கே நடந்த குற்றத்தை இங்கே உள்ள சட்டத்தோடு வைத்துப் பார்த்து, இவனும் நம் பதிவேட்டில் ஏற வேண்டியவன்தானா என்று முடிவு செய்வார்களாம். பிறகு வீடு மாறினால் பதிவு, வேலை மாறினால் பதிவு. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது தம்பி, சொன்னால் சிரிப்பீர்கள். எவ்வளவு ஒழுங்கான ஊர் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. அங்கே மாநிலம் விட்டு மாநிலம் துரத்துகிற பதிவேடு, கடல் தாண்டினால்?

கோர்ட் கேண்டீனில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் உண்டு, கந்தவேலன் என்று. பேர் சொல்லாமல் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்தத் தண்டனை அங்கயே நின்னுருச்சுங்க. அவன் பொட்டியில வராது, பாஸ்போர்ட்டுல வராது, நம்ம ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயும் தானா வந்து ஏறாது. இங்க வந்து எறங்கினா புது மனுஷன்."

"அப்ப அவன் எங்க போய்ப் பதியணும்?"

"எங்கயும் இல்ல."

"நான் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா?"

"என்னன்னு சொல்லுவீங்க? எங்க நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, யாரு புகார் குடுத்தது? உங்க கொழுந்தியா வீட்டுக்கு வந்த தபால் அட்டையா? சாட்சியே அமெரிக்காவுல இருக்குதுங்களே." அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மொதல்ல அதே ஆளுதானான்னு பாருங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதற்கு முந்தின வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். எங்கேயும் இல்லை. ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டியவன், போடுவதற்கு ஊரில் ஒரு இடம் இல்லை. சரி, நான் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டேன். வரிசை எண், தேதி, நேரம், கையொப்பம், குறிப்பு. ஏழாவது தாளில் "வீட்டு எண் 2சி, தயானந்தன்" என்று எழுதினேன். ஏன் ஏழு என்றால், முதல் தாளில் எழுதினால் இந்த நோட்டு தனக்கு மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முன்னால் உள்ள ஆறு தாளையும், பின்னால் உள்ளதையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். திறந்தால் ஏழாவது தாள் மட்டும்தான் விரியும். ஆபீஸில் அடுத்தவர் பத்திரம் கண்ணில் படாமல் இருக்க நாங்கள் செய்கிற முறைதான். நோட்டை வாசலில் வாட்ச்மேன் செங்கோடனிடம் கொடுத்து வைத்தேன்.

தயானந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வாடகைக்கு இருக்கறவங்க திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் கையெழுத்துப் போடணும். புது விதி."

"எல்லாருமா சார்?"

"எல்லாரும்தான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மாதிரி ஒன்று. பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது தம்பி. பழக்கம் இல்லாதவன் ஒரு கேள்வியோடு விடுவானா? எதற்கு, யார் போட்ட விதி, காட்டு என்பானா இல்லையா? நீங்களே சொல்லுங்கள், உங்களை வாரம் இரண்டு தடவை கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவீர்களா?

என்ன? போடுவீர்களா? புது இடம், சண்டை எதற்கு என்றா? ம். அப்படியும் இருக்கலாம். ஆறு வருஷத்தில் அப்படியும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு வீடு மாறுவது கஷ்டம்தான்.

செங்கோடன் மூன்றாவது வாரமே கேட்டான். "சார், கண்டிசன் பெயில்ல வந்தவன் ஸ்டேசனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவானே, அந்த மாதிரில்ல இருக்குது? எங்க மச்சான் ஒருத்தன் போட்டான், அடிதடி கேசு. ரெண்டு மாசம் டெய்லி பத்து மணிக்கு. அந்த சார் என்ன பண்ணுனாரு?"

"ஒண்ணும் பண்ணலை. உன் வேலையைப் பாரு."

"இல்ல, சும்மா கேட்டேன். நல்ல மனுசன் மாதிரி தெரியுது. எனக்கு ஒரு சட்டை குடுத்தாரு."

வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதில் நான் சுத்தம்.

கையெழுத்து மட்டும் போதாதே. ஏப்ரல் வந்தது, பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. பிள்ளைகள் காலையிலிருந்தே கீழே. நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மிச்ச விடுப்பில் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொள்வேன், மடியில் சின்ன நோட்டு. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, யார் தனியாக நின்றது, என்ன உடுப்பு போட்டிருந்தது என்று எழுதிக்கொள்வேன். நாளைக்கு ஒன்று என்றால் கேட்பார்கள் இல்லையா? பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் வரை பயமில்லை. சத்தம் நின்றால் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பெரும்பாலும் பந்து காருக்கு அடியில் போயிருக்கும்.

நாள் ஆக ஆக, நான் போய் உட்கார்ந்ததும் தாய்மார்கள் மேலே இருந்து பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி கூப்பிட்டால் அடுத்தவளும் கூப்பிடுவாள். ஐந்து நிமிஷத்தில் கீழே யாரும் இருக்க மாட்டார்கள், அவரும் நானும்தான். எல்லோருக்கும் மெல்லத் தெரிந்துவிட்டது, ஜாக்கிரதையாகிவிட்டார்கள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பரிமளம் ஒரு நாள் சோறு போடும்போது, "நீங்க கீழ போய் உக்காராதீங்க" என்றாள்.

"ஏன்?"

"பேசிக்கிறாங்க."

"பேசட்டும். பேசினாத்தான் உஷாரா இருப்பாங்க."

அவள் கரண்டியைக் குழம்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு என்னன்னு சொல்லிப் புரிய வைக்கிறதுன்னே தெரியலை" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அவளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் பயம் தெரியாது.

மே மாதக் கடைசி, ஒரு வியாழக்கிழமை. செங்கோடன் சாப்பிடப் போயிருந்தான், வாசலில் நானே இருந்தேன். தயானந்தன் வந்தார். நோட்டை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ரப்பர் பேண்டைக் கழற்றினார். முதல் தாள், வெறுமை. இரண்டாவது, வெறுமை. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஆறு தாளும் முடிந்து தன் தாள் வந்தது. அதையும் தாண்டி எட்டு, ஒன்பது, பத்து என்று கடைசிவரை திருப்பினார். பிறகு திரும்ப ஏழாவது தாளுக்கு வந்து, தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"என்ன தெரியணும்னு நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன் சார். நாலு மாசமாப் பாக்கறேன், கேக்கவே மாட்டேங்கறீங்க."

நான் கேட்கவில்லை. இரண்டாவது தடவை.

ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன், அதை எங்கே கொண்டுபோய்ப் பதிவேன் என்கிற பயம் என்று முதலில் நினைத்தேன். அது ஒரு காரணம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்? அதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது ரொம்பப் பிற்பாடுதான்.

"விதி விதிதான்" என்று மட்டும் சொன்னேன். அவர் ரப்பர் பேண்டை மறுபடி போட்டு, நோட்டை மேஜைமேல் நேராக வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டது. ஆதாரம் வேண்டும். பிள்ளைகளில் யாரையாவது கேட்டால்தான் தெரியும். முதல் மாடியில் இனியா என்று ஒரு பெண், ஒன்பது வயசு. நன்றாக விளையாடுவாள், அவரிடம் அதிகம் பேசுகிறவளும் அவள்தான். ஒரு நாள் தனியாகப் படியேறி வந்தாள். திருப்பத்தில் நிறுத்தினேன்.

"அந்த அங்கிள் உங்கிட்ட என்ன பேசுவாரு?"

"ஒண்ணும் இல்ல தாத்தா."

"பயப்படாம சொல்லு. உன்னைத் தொடுவாரா?"

"மட்டையை எப்படிப் பிடிக்கணும்னு காட்டுவாரு."

"எப்படிப் பிடிச்சுக் காட்டுவாரு?"

நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். நாலைந்து தடவை கேட்டிருப்பேன். அவள் போக வேண்டும் என்றாள். ஓடிவிடக்கூடாது என்று கையை மட்டும் பிடித்திருந்தேன், மெதுவாகத்தான். அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அப்படி ஒரு அழுகை. ஒரு பிள்ளை காரணமில்லாமல் அப்படி அழுமா? அவள் அழுததைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிவிட்டது. நடந்திருக்கிறது, ஏதோ நடந்திருக்கிறது என்று.

பாப்பாவை அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்துவிட்டீர்களா? நல்லது. இந்தப் பக்கம் வெயில் ஏறிவிட்டது.

இனியாவின் அழுகைச் சத்தம் கேட்டு அவள் அம்மா ஓடி வந்தாள். "யாரு? என்ன ஆச்சு? யாரு என்ன பண்ணாங்க?" என்று பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "கீழே இருந்து வந்தா." அது பொய்யில்லை. கீழே இருந்துதான் வந்தாள்.

சாயங்காலம் ஆண்பிள்ளைகள் ஆபீஸிலிருந்து வந்ததும் கீழே கூடிவிட்டார்கள். செங்கோடன் கண்டிசன் பெயில் என்று யார் யாரிடமோ எப்போதோ சொல்லியிருக்கிறான், அன்றைக்கு எல்லார் வாயிலும் அதுதான். ஒருவர் மேஜையைப் புரட்டித் தள்ளினார். கால் ஒடிந்தது. இன்னொருவர் தயானந்தனின் சட்டையைப் பிடித்தார். "என்ன கேசு? சொல்லுடா, என்ன கேசுல கையெழுத்துப் போட்டுட்டு இருக்கே?"

தயானந்தன் கையை ஓங்கவில்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல? எனக்கு என்ன தெரியும்? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதே போதும் என்று ஆகிவிட்டது.

மூன்று நாளில் காலி செய்தார்கள். அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். யாரும் கை கொடுக்கவில்லை, செங்கோடன் மட்டும் ஒரு பக்கம் பிடித்தான். போகும்போது தயானந்தன் வாசலில் நின்று நோட்டைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குத் திங்கட்கிழமை. கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்கிற இடத்தில், அதுவரை காலியாகவே இருந்த இடத்தில், "காலி செய்கிறேன்" என்று எழுதினார். புது முகவரிகூட எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை.

அதைப் பார்த்ததும் மறுபடி எனக்கு உறுதியானது. வீடு மாறினால் பதிவு, வசுமதி சொன்னாளே. பழக்கம் இல்லாதவனுக்கு அது எப்படித் தெரியும்? இப்படித்தான் தம்பி, ஒரு நாள் அந்தப் பக்கம், ஒரு நாள் இந்தப் பக்கம். இனியாவின் குடும்பமும் ஒரு வருஷத்தில் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது. போகும்போது எங்கள் வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான்தானே முதலில் உதவிக்குப் போனவன். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

இப்போது இந்தக் கடிதம். போலீஸ் ஸ்டேஷனில் அவர் வாங்கிய சான்றிதழ் நகலும் கூட வைத்திருக்கிறார்கள். எங்கள் எல்லைக்குள் இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று இருக்கிறது. எல்லைக்குள். அந்த வார்த்தையை நான் விரலால் தடவிப் பார்த்தேன். என் பேரை அந்தப் பள்ளிக்கு யார் கொடுத்தது தெரியுமா? அவரேதான். விண்ணப்பத்தில் அவர் எழுதியதை அப்படியே கடிதத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "நான்கு மாதம் என்னை இவரைப் போல நெருக்கமாகக் கவனித்தவர் வேறு யாரும் இல்லை. என்னைப் பற்றி இவரிடம் கேளுங்கள்."

படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. குற்றம் உள்ளவன் இப்படி எழுதுவானா? எழுத மாட்டான். இந்தச் செயலாளருக்கு ஒன்றும் தெரியாது, கேட்கவே துணியாதவன் என்று என்னைக் கண்டுகொண்டவன் எழுதுவானா? எழுதுவான். பரிமளத்திடம் நீட்டினேன். படித்தாள். "கேக்க வேண்டிய ஆளைக் கேளுங்க" என்றாள்.

யாரைக் கேட்பது? அவரையா? போன் நம்பர் கடிதத்தில் இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. அப்புறம்தான் வசுமதி கரூருக்கு வந்திருப்பது நினைவுக்கு வந்தது. அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று தன் மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காலையில் முதல் பஸ் ஏறினேன். அங்கேயிருந்துதான் வருகிறேன்.

போகும் வழி பூராவும் அந்தப் பழைய போன் பேச்சைத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் உங்களிடம் வசுமதி போனில் பேசினாள் என்று சொன்னேன், இல்லையா? பேசினாள், உண்மைதான். ஆனால் யார் போன் போட்டது? நான்தான். இதை நான் ரொம்ப நாள் மறந்திருந்தேன். பொதுக்கூட்டம் முடிந்த அன்றைக்கு மத்தியானமே போட்டுவிட்டேன். அங்கே அப்போது நேரம் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை, தூக்கத்தில் எடுத்தாள். இங்கே அமெரிக்காவிலிருந்து ஒருத்தன் வந்திருக்கிறான், ஆள் சரியில்லை, உன் பக்கம்தான் இருந்தானாம், உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். விசாரிக்கிறேன் மாமா என்றாள். நாலைந்து நாள் கழித்து மறுபடி நானே போட்டேன். அப்போதுதான் அந்த லிஸ்ட், அந்த அட்டை, எல்லாம் வந்தது. அவர் பேர் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பது மட்டும் எவ்வளவு ஓட்டிப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை.

வசுமதி கூடத்தில் உட்கார்ந்து மாமியாருக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம? அக்கா வரலையா?" என்று எழுந்தாள். காபி கொடுத்தாள். பிள்ளைகள் படிப்பு, அங்கே பனி, எல்லாம் பேசினோம். பிறகு நான் மெதுவாக எடுத்தேன்.

"வசு, அந்தத் தயானந்தன் விஷயம் நினைவிருக்கா?"

"இன்னும் அதையே நினைச்சுட்டு இருக்கீங்களா மாமா?" என்று சிரித்தாள். "அந்த ஆளு இப்ப எங்க இருக்கான்?"

"அந்த அட்டையை நீ பாத்தியா?"

"பாத்தேன். எங்க தெருவுக்கு எல்லாம் வந்துச்சு. ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருந்தேன். நம்மூரு முகம்தான். மீசை பெருசா."

"இவருக்கு மீசை கிடையாது."

"எடுத்திருப்பான்."

"வயசு?"

"என்னமோ போட்டிருந்துச்சு. நாப்பதா, அம்பதான்னு தெரியலை. ஆறு வருசம் ஆச்சே மாமா." அவள் சுளையிலிருந்து வெள்ளை நாரை எடுத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு நீங்க பேசுனதைக் கேட்டு எனக்கே பயமா இருந்துச்சு. உங்க குரலே உங்க குரலா இல்ல. அவன் இருக்கற கட்டடத்துல நம்ம அக்கா இருக்காளேன்னு நினைச்சேன்."

மாமியார் கண்ணில் கட்டோடு எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். தயானந்தனிடம் இரண்டு தடவை கேட்காமல் விட்டவன். இங்கேயும் எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னால் முடிந்தது, கட்டத்தில் ஏதாவது ஒன்றில் கோடு போட்டுவிடலாம். எழுந்தும் விட்டேன் தம்பி. வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினேன். மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்து கேட்டேன்:

"வசு, அட்டையில இருந்த பேரை அன்னிக்குப் போன்ல முதல்ல சொன்னது நீயா, நானா?"